இடியைத் தாங்குவதா, இடத்தை மாற்றுவதா?

2024 மே 14 அன்று கனெக்டிகட் சன் அணிக்கு எதிரான தன் முதல் தொழில்முறைக் கூடைப்பந்து ஆட்டத்தில் கெய்ட்லின் கிளார்க் 20 புள்ளிகள் எடுத்தார். பந்தை 10 முறை பறிகொடுத்தார். அமெரிக்கப் பெண்கள் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான டபிள்யூஎன்பிஏ வரலாற்றில் அறிமுக ஆட்டத்திலேயே இத்தனை டர்ன்ஓவர் (பந்திழப்பு) வேறு யாருக்கும் நேர்ந்ததில்லை. அவருடைய அணியான இந்தியானா ஃபீவர் 71-92 என்று தோற்றது. அதற்கு 37 நாட்கள் முன்புதான் அயோவா பல்கலைக்கழகத்துக்காகத் தேசிய இறுதிப் போட்டியில் ஆடியிருந்தார். கல்லூரிக் காலத்தில் 3,951 புள்ளிகள் எடுத்து, அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தின் உயர்மட்டமான என்சிஏஏ முதல் பிரிவில் ஆண்களிலும் பெண்களிலும் எவரும் தொடாத உயரத்தை எட்டியவர் அவர். அதே கை, அதே கண், அதே எறிதல். ஆனால் நடுக்கோட்டைத் தாண்டுவதற்குள்ளேயே டிஜோனாய் கேரிங்டனின் தோளும் முழங்கையும் அவர் மீது உரசிக்கொண்டே வந்தன.

இப்படி உள்ளே வரும் ஒரு புதுமுக நட்சத்திரம் என்ன செய்ய வேண்டும்? நடுவர்கள் கண்டிப்பாக ஊதட்டும் என்று காத்திருக்கலாம். அடித்தால் எதிர்த்து நிற்கும் தோழிகளை அணியில் சேர்க்கலாம். உடல் வலுவை ஏற்றலாம். பந்தைச் சீக்கிரமாகக் கைமாற்றலாம். பந்து கொண்டுவரும் வேலையையே பாதி நேரம் வேறொருவரிடம் ஒப்படைத்துவிடலாம். ஐந்துமே நல்ல யோசனைகள் என்று சொல்லி நழுவ நான் விரும்பவில்லை. ஒரு வீராங்கனையிடம் இருக்கும் நேரமும் தெம்பும் அளவானவை. அணியின் சம்பள வரம்பும் அப்படியே. எதை முதலில் செய்வது என்பதுதான் முடிவெடுப்பவருக்கு முன்னால் நிற்கும் கேள்வி. என் பதில் இந்தப் பட்டியலில் கடைசியாகச் சொன்ன வழி. மற்றவை அதற்குத் துணை.

முதலில் இந்த மோதல் எந்த விதமானது என்று பார்க்க வேண்டும். தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பக் காட்டப்படும் பெரிய இடிகள் ஆட்டத்துக்கு ஒன்றோ இரண்டோதான். ஆளைத் தேய்ப்பவை சின்னச் சின்னவை. பந்தைத் தட்டிக்கொண்டு வரும்போது இடுப்பில் ஒரு கை. பந்து இல்லாமல் வெட்டி ஓடும்போது மார்புக்குக் குறுக்கே ஒரு முழங்கை. ஸ்கிரீனை, அதாவது காவலரை மறித்து அசையாமல் நிற்கும் தோழியை, சுற்றி வரும்போது சட்டையில் ஒரு பிடி. ஸ்கிரீனைத் தாண்டியதும் இரண்டு பேர் சேர்ந்து ஓரத்துக்குத் தள்ளும் பொறி. பந்தைக் கொண்டுவந்து தாக்குதலைத் தொடங்கும் பாயிண்ட் கார்டு ஆட்டம் முழுவதும் இதற்குள்தான் இருக்கிறார். கல்லூரியில் ஒரு தாக்குதலுக்கு 30 நொடி; இங்கே 24 நொடி. நடுக்கோட்டில் மூன்று நொடி வீணானால் அங்கே உறைக்காது, இங்கே அணியின் முதல் திட்டமே கலைந்துவிடும்.

எதிரில் இருப்பவர்கள் ஏன் இவ்வளவு மூர்க்கமாகக் காக்கிறார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. 2024-இல் லீக்கில் 12 அணிகள், அணிக்கு அதிகபட்சம் 12 பேர். உலகம் முழுவதற்கும் 144 இடங்கள். கல்லூரியில் நட்சத்திரமாக இருந்த பலர் முதல் பயிற்சி முகாமிலேயே வெளியேற்றப்பட்டு துருக்கிக்கும் சீனாவுக்கும் விமானம் ஏறுகிறார்கள். தப்பி நிற்பவர்களில் பாதிப் பேரின் வேலையே எதிரணியின் சிறந்த கார்டை மூச்சுவிட விடாமல் செய்வதுதான். இது பகையால் வருவதென்று சமூக ஊடகங்களில் எழுதித் தீர்த்தார்கள். எனக்கு அது ஒரு தொழிலாளியின் பிடிவாதமாகவே தெரிகிறது, அதை மதிக்கவும் செய்கிறேன்.

கிளார்க்கின் விஷயத்தில் கூடுதல் சிக்கல் ஒன்று உண்டு. அவருடைய பலம் நெடுந்தூர எறிதல். மூன்று புள்ளிக் கோடு கூடையிலிருந்து 6.75 மீட்டர், அவர் அதற்கும் ஓரிரு அடி பின்னாலிருந்து எறிகிறார். அந்தத் தூரத்துக்கான விசை கால்களிலிருந்து வருகிறது. ஆட்டத்தின் நான்கு காற்பகுதிகளில் முதலாவதில் வாங்கிய இடிகள் கடைசிக் காற்பகுதியில் வளையத்தின் முன்விளிம்பில் பட்டுத் திரும்பும் எறிதல்களாக வெளிப்படும். கல்லூரியின் கடைசி ஆண்டில் 37.8 சதவீதமாக இருந்த அவருடைய மூன்று புள்ளித் துல்லியம், டபிள்யூஎன்பிஏவின் முதல் பருவத்தில் 34.4 ஆனது. முழுப் பழியையும் மோதல் மீது போட முடியாது. ஆனால் அந்தப் பருவத்தின் தொடக்கத்தில் ஃபீவர் 20 நாட்களில் 11 ஆட்டங்கள் ஆடியது, அவற்றில் 9 தோல்வி. ஓய்வே இல்லாத கால்கள் அவை.

நடுவர்களை நம்பும் வழிக்கு வருகிறேன். நியாயம் இதன் பக்கம் இருக்கிறது, பலன் இல்லை. 2024 ஜூன் 1 அன்று சிகாகோ ஸ்கை அணியின் கென்னடி கார்ட்டர், பந்து ஆட்டத்துக்குள் வருவதற்கு முன்பே கிளார்க்கைத் தோளால் இடித்து வீழ்த்தினார். களத்தில் அது சாதாரண ஃபவுல். மறுநாள் லீக் அதைக் கடுமையான ஃபவுலாக, அதாவது முதல் நிலை ஃபிளேக்ரண்டாக உயர்த்தியது. மறுநாள் உயர்த்தினால் யாருக்கு என்ன லாபம்? அன்றே கொடுத்திருந்தால் இரண்டு ஃப்ரீ த்ரோவும் (யாரும் தடுக்காமல் எறியும் வாய்ப்பு) பந்தும் கிடைத்திருக்கும். அந்த ஆட்டத்தை ஃபீவர் 71-70 என்று வென்றதால் தப்பித்தது. அதே ஆண்டு செப்டம்பர் 22, பிளேஆஃப் முதல் ஆட்டம், மீண்டும் கனெக்டிகட். கேரிங்டனின் விரல் கிளார்க்கின் கண்ணில் பட்டது, கண் கறுத்துப் போனது, விசில் ஒலிக்கவே இல்லை.

இது ஒருவருக்கு மட்டும் நடக்கும் அநீதி என்று யாராவது நினைத்தால் 2025 செப்டம்பரைப் பார்க்கட்டும். மினசோட்டா லிங்க்ஸ் அணியின் நஃபீசா கோலியர், அரையிறுதியில் கணுக்காலில் காயம்பட்டு வெளியேறிய பிறகு, நடுவர் தரத்தைப் பற்றி லீக் தலைமை அக்கறை காட்டுவதில்லை என்று ஆணையர் கேத்தி எங்கல்பர்ட்டைப் பெயர் சொல்லியே கண்டித்தார். லீக்கின் தலைசிறந்த ஐந்து பேரில் ஒருவரான அவருக்கே அந்த நிலை. நடுவர் தரம் உயர வேண்டும்; அதற்காக வீராங்கனைகளின் சங்கம் போராடுவது முற்றிலும் சரி. ஆனால் இந்தப் பருவத்தில் ஆடப்போகும் ஒருவர் தன் ஆட்டத்தை அந்தச் சீர்திருத்தத்தின் மீது கட்டக் கூடாது. புகார் செய்வதற்கும் விலை உண்டு. கிளார்க் முதல் பருவத்தில் ஆறு டெக்னிக்கல் ஃபவுல்கள் (நடத்தைக்கான தண்டனை) வாங்கினார். ஏழாவது வந்திருந்தால் ஓர் ஆட்டத் தடை. ஒவ்வொரு முறை நடுவரிடம் கைவிரித்து நிற்கும்போதும் மறுபுறம் எதிரணி நான்கு பேரைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது.

பாதுகாவலர் வழி ரசிகர்களுக்கு மிகவும் பிடித்தது. 2025 ஜூன் 17 ஆட்டத்தில் கனெக்டிகட் சன் அணியின் ஜேசி ஷெல்டனின் விரல் கிளார்க்கின் கண்ணில் பட, அதைத் தொடர்ந்த தள்ளுமுள்ளில் மரீனா மாப்ரி அவரைத் தரையில் தள்ளினார். ஆட்டம் முடியும் தறுவாயில் கிளார்க்கின் அணித் தோழி சோஃபி கன்னிங்ஹாம் ஷெல்டனைப் பிடித்து இழுத்து வீழ்த்தி வெளியேற்றப்பட்டார். ஃபீவரின் ஊரான இண்டியானாபோலிஸ் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. தோழிக்காக ஒருத்தி நிற்பதைப் பார்க்கும்போது எனக்கும் மனம் நிறைந்தது. ஆயினும் அந்தப் பதிலடி வந்தபோது கண் ஏற்கெனவே குத்தப்பட்டாகிவிட்டது.

ஒரு தோழி உண்மையில் தரக்கூடிய பாதுகாப்பு வேறு இடத்தில் இருக்கிறது: நல்ல ஸ்கிரீனில். ஃபீவரின் அலியா பாஸ்டன், புதுமுகங்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 2023-இன் முதல் தேர்வு, அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம். அவர் உறுதியாக நின்று ஸ்கிரீன் போட்டுவிட்டு உள்ளே உருண்டு ஓடினால், கிளார்க்கைப் பொறியில் தள்ள வந்த இரண்டாவது ஆள் ஒரு கடினமான முடிவை எடுக்க வேண்டியிருக்கும். ஃப்ரீ த்ரோ கோட்டருகே பாஸ்டன் பந்தைப் பிடித்துவிட்டால் அங்கே நான்குக்கு மூன்று. 2024 மே மாதம் இந்தப் புரிதல் இவர்களிடையே இல்லை. பந்து பாஸ்டனின் பின்னாலும் கைக்கு அப்பாலும் போய்க்கொண்டிருந்தது. ஜூலைக்குள் வந்துவிட்டது. சண்டைக்காரியைத் தேடும் அணி நிர்வாகம் அந்தச் சம்பளத்தை ஸ்கிரீன் போடத் தெரிந்தவருக்குக் கொடுப்பது மேல்.

உடலை ஏற்றும் வழியைத்தான் கிளார்க் தேர்ந்தெடுத்தார், குறைந்தபட்சம் வெளியே தெரிந்த அளவில். 2024-25 குளிர்காலத்தில் மயாமியில் தொடங்கிய மூவர் ஆட்ட லீக்கான அன்ரைவல்டின் அழைப்பை மறுத்துவிட்டு ஓய்விலும் எடைப் பயிற்சியிலும் செலவிட்டார். 2025 வசந்தத்தில் அவர் தோளும் புஜமும் புகைப்படங்களாக ஊரெல்லாம் சுற்றின. ஓய்வெடுத்தது மிகச் சரியான முடிவு. கல்லூரிப் பருவத்திலிருந்து நேரே தொழில்முறைப் பருவத்துக்குள் குதித்து ஏறத்தாழ ஓராண்டு தொடர்ந்து ஆடியவர் அவர். ஒலிம்பிக்குக்காக லீக் ஒரு மாதம் நின்றபோது அந்த ஓய்வு என்ன செய்தது என்பதைக் கணக்கே சொல்கிறது: இடைவேளைக்கு முன் ஃபீவர் 11 வெற்றி 15 தோல்வி, பின்னர் 9 வெற்றி 5 தோல்வி.

எடைப் பயிற்சியிலும் எந்தத் தசை என்ற கேள்வி இருக்கிறது. கார்டு ஒருவருக்குத் தோளைவிட இடுப்பும் தொடையும் வயிற்றுச் சுற்றும் முக்கியம். இடிபட்டபோது பாதையிலிருந்து விலகாமல் இரண்டாவது அடியை வைப்பது அங்கிருந்துதான் வருகிறது. ஆண்கள் லீக்கான என்பிஏவின் ஸ்டெஃப் கரி 2011-12 பருவத்தில் கணுக்கால் காயங்களால் 26 ஆட்டங்கள் மட்டுமே ஆடினார். பிறகு இடுப்பையும் பின்தொடையையும் வலுப்படுத்தும் பயிற்சிக்கு மாறினார். மற்றதை உலகம் அறியும். மேலுடம்பைப் பருமனாக்கினால் எறியும் கையின் பழகிய அளவு மாறுகிறது. நெடுந்தூர எறிதலை நம்பி வாழ்பவருக்கு அது சின்ன ஆபத்து அல்ல. இன்னொரு குறை, இந்த வழி புதுமுகத்துக்குக் காலம் கடந்துதான் கிடைக்கிறது. கல்லூரி இறுதியாட்டத்துக்கும் முதல் தொழில்முறை ஆட்டத்துக்கும் இடையே ஐந்து வாரத்தில் யாருக்கும் தசை ஏறாது. அந்த ஐந்து வாரத்திலேயே டிராஃப்ட், வீடு மாற்றம், முகாம் எல்லாம் நடக்கின்றன.

பந்தைச் சீக்கிரம் கைமாற்றும் வழிக்கு நாள் நட்சத்திரம் பார்க்க வேண்டியதில்லை, நாளை காலைப் பயிற்சியிலேயே தொடங்கலாம். இரண்டு பேர் நெருங்குவதற்கு முன், நெருங்கப்போகிறார்கள் என்று தெரிந்தவுடனேயே பந்து கையை விட்டுப் போக வேண்டும். கிளார்க் இதை வியக்கத்தக்க வேகத்தில் கற்றார். 2024 ஜூலை 6 அன்று நியூயார்க் லிபர்ட்டிக்கு எதிராக 19 புள்ளி, 12 ரீபவுண்ட் (தவறிய எறிதலைக் கைப்பற்றுவது), 13 அசிஸ்ட் (தோழி கூடையில் போட வழிவகுத்த பாஸ்). மூன்றிலும் பத்துக்கு மேல், அதாவது டிரிபிள் டபுள்; டபிள்யூஎன்பிஏவில் ஒரு புதுமுகத்தின் முதல் டிரிபிள் டபுள் அது. பதினொரு நாள் கழித்து டாலஸில் ஒரே ஆட்டத்தில் 19 அசிஸ்ட், லீக்கின் சாதனை. பருவ முடிவில் 337 அசிஸ்ட், அதுவும் அன்றைய சாதனை. சிறந்த புதுமுகத்துக்கான 67 வாக்குகளில் 66 அவருக்கு.

இதன் எல்லையையும் அதே பருவம் காட்டியது. ஆட்டத்துக்கு 8.4 அசிஸ்ட் கொடுத்தவர் 5.6 டர்ன்ஓவரும் கொடுத்தார். துணிச்சலான பாஸ்களில் சில தவறத்தான் செய்யும், அதற்காக அவரைக் கட்டிப்போடக் கூடாது. ஆனால் எத்தனை வேகமாகக் கைமாற்றினாலும் ஒவ்வொரு தாக்குதலின் தொடக்கத்திலும் பந்து மறுபடியும் அவர் கைக்கே வருகிறது. மீண்டும் முழுநீளக் காவல், மீண்டும் இடுப்பில் கை. 40 நிமிட ஆட்டத்தில் சராசரியாக 35 நிமிடத்துக்கு மேல் அவர் களத்தில் இருந்தார்.

ஆகவேதான் பந்து கொண்டுவரும் வேலையைப் பகிர்ந்துகொள்ளும் அந்தக் கடைசி வழி. இதற்கு நான் காட்டும் சாட்சி சப்ரீனா அயனெஸ்கு. 2020-இன் முதல் தேர்வு, கல்லூரி நாயகி, பந்து எப்போதும் தன் கையிலேயே இருக்க வேண்டிய பாயிண்ட் கார்டு என்று எல்லோரும் எண்ணியவர். 2022 வரை நியூயார்க் லிபர்ட்டியில் அந்தச் சுமையைத் தூக்கிக்கொண்டே ஆடினார். அந்த ஆண்டு அவருடைய மூன்று புள்ளி எறிதல்களில் மூன்றில் ஒன்றுதான் விழுந்தது. 2023-இல் லிபர்ட்டி அனுபவமுள்ள பாயிண்ட் கார்டு கோர்ட்னி வாண்டர்ஸ்லூட்டைக் கொண்டுவந்தது. பந்தை மேலே கொண்டுவருவது பெரும்பாலும் வாண்டர்ஸ்லூட்டின் வேலையானது. அயனெஸ்கு ஸ்கிரீன்களைச் சுற்றி ஓடி, பிடித்ததும் எறிபவரானார். அந்தப் பருவத்தில் 128 மூன்று புள்ளிகள், 44.8 சதவீதத் துல்லியம். 2006-இல் டயானா டொராசி வைத்த 121 என்ற சாதனை உடைந்தது. நட்சத்திரங்களான பிரியானா ஸ்டூவர்ட்டும் ஜோங்குவல் ஜோன்ஸும் அதே ஆண்டு சேர்ந்தார்கள் என்பதை மறைக்க மாட்டேன். காவலர்களின் கவனம் சிதறியதில் அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் நெருக்கடியைத் தாங்கும் உடல் அயனெஸ்குவுக்கு ஓராண்டில் புதிதாக முளைக்கவில்லை. நெருக்கடி தொடங்கும் இடம் மாறியது.

பந்து இல்லாதவர் மீதும் கை வைக்கத்தான் செய்வார்கள், சொல்லப்போனால் நடுவரின் கண் அங்கே குறைவாகவே போகும். சட்டையைப் பிடிப்பார்கள், பாதையை மறிப்பார்கள். ஆனால் அங்கே இழப்பது ஓர் ஓட்டம். பந்தோடு இருக்கும்போது இழப்பது பந்து. பந்தில்லாமல் ஓடுபவர் எந்தக் கணத்தில் மோதலுக்குள் நுழைவது என்று தானே தேர்ந்தெடுக்கிறார், பாஸ்டனின் ஸ்கிரீனைத் தன் கேடயமாக்கிக்கொள்கிறார். கிளார்க் வெறுமனே மூலையில் நின்றாலே ஒரு காவலர் அங்கே கட்டப்பட்டுவிடுவார். மற்ற நால்வருக்கு அது பெரிய வரம். ஃபீவரின் மற்றொரு கார்டான கெல்சி மிட்செலின் வேகத்துக்கு அந்தத் திறந்த வெளி எவ்வளவு உதவியது என்பதை 2024-இன் பின்பாதியைப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

இந்த வழிக்கு எதிராக வலுவான ஓர் ஆட்சேபம் இருக்கிறது. 2024 முடிவில் ஃபீவரில் கிறிஸ்டி சைட்ஸ் போய் ஸ்டெஃபனி வைட் பயிற்சியாளரானார். கிளார்க்கைப் பந்தில்லாமலும் ஆடவைப்பது அவருடைய திட்டத்தில் இருந்தது. 2025-இல் என்ன ஆனது? மூன்று புள்ளித் துல்லியம் 27.9 சதவீதத்துக்கு விழுந்தது. தொடையில் காயம், இடுப்பின் உள்தசையில் இடதிலும் பிறகு வலதிலும் காயம். கல்லூரியில் 139 ஆட்டங்களில் ஒன்றைக்கூடத் தவறவிடாதவர் 13 ஆட்டங்களோடு பருவத்தை முடித்துக்கொண்டார். உடலை ஏற்றியதால்தான் தசை கிழிந்தது என்று சிலரும், பந்தைப் பிரித்துக் கொடுத்ததால்தான் எறிதல் கெட்டது என்று சிலரும் சொன்னார்கள். இரண்டையும் நான் ஏற்கவில்லை. ஜூன் 14 அன்று காயத்திலிருந்து திரும்பி வந்து, அதுவரை தோற்காத லிபர்ட்டிக்கு எதிராக ஏழு மூன்று புள்ளிகளோடு 32 எடுத்தவரும் இதே கிளார்க்தான். பாதி காலுடன் ஆடிய 13 ஆட்டங்களை வைத்து எந்த வழியையும் சோதித்ததாகச் சொல்ல முடியாது.

அந்தப் பருவத்தில் ஃபீவர் காட்டிய ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். கிளார்க் இல்லாமலே அந்த அணி ஜூலை 1 அன்று மினசோட்டாவை 74-59 என்று வென்று பருவத்தின் நடுவே நடக்கும் கமிஷனர்ஸ் கோப்பையை எடுத்தது. பிளேஆஃபில் லாஸ் வேகஸ் ஏசஸுடன் அரையிறுதியின் ஐந்தாவது ஆட்டம் வரை போனது, அதுவும் கூடுதல் நேரம் வரை. பந்தைக் கொண்டுவர வேறு கைகள் அந்த அணியில் உருவாகிவிட்டன. 2024 மே மாதம் அந்தக் கைகள் இருந்திருந்தால் பத்து டர்ன்ஓவர் ஆட்டம் நிகழ்ந்திருக்காது என்பது என் உறுதியான நம்பிக்கை.

இனி ஒரு பயிற்சியாளரோ அணி மேலாளரோ முதல் தேர்வில் ஒரு கார்டை எடுக்கும்போது நான் சொல்வது இதுதான். டிராஃப்ட் நாளுக்கு முன்பே அனுபவமுள்ள இரண்டாவது பந்து கையாளுநரை ஒப்பந்தம் செய்யுங்கள். பெரிய பெயராக இருக்க வேண்டியதில்லை. முழுநீளக் காவலுக்கு எதிரே எட்டு நொடிக்குள் பதறாமல் நடுக்கோட்டைத் தாண்டத் தெரிந்தவர் போதும். முதல் மாதத்தில் முதல் காற்பகுதியும் மூன்றாம் காற்பகுதியும் அவர் பந்தைக் கொண்டுவரட்டும். புதுமுகம் ஓரத்திலிருந்து தொடங்கட்டும், கடைசிக் காற்பகுதியில் புத்தம்புதுக் கால்களோடு பந்தை எடுக்கட்டும். பொறியை உடைக்கும் பாஸ் பயிற்சி முகாமின் முதல் நாளிலிருந்தே நடக்கட்டும். எடைக் கூடம் அக்டோபரில் தொடங்கலாம், இடுப்பிலிருந்து. அத்தகைய கையாளுநருக்குச் சம்பள வரம்பில் இடமே இல்லை என்றால், சீக்கிரம் கைமாற்றும் வழி மட்டுமே மிஞ்சும். அப்போது முதல் பருவத்தின் டர்ன்ஓவர் எண்ணிக்கையைக் காட்டி அந்தப் பெண்ணைக் குறை சொல்லும் உரிமை நிர்வாகத்துக்கு இல்லை.

புதுமுகத்துக்கு இதில் ஒரு கசப்பு இருக்கும். சிறுவயதிலிருந்து பந்து அவர் கையில்தான் இருந்திருக்கிறது. அதை வேறொருவரிடம் கொடுக்கச் சொன்னால் தன் மீது அணிக்கு நம்பிக்கை இல்லையோ என்று அவருக்குத் தோன்றும். அந்தப் பேச்சைப் பயிற்சியாளர் முகாமுக்கு முன்பே, அயனெஸ்குவின் 2023 ஆட்டப் பதிவுகளைக் கூட உட்கார்ந்து போட்டுக் காட்டி, பேசி முடித்துவிட வேண்டும்.